பிஜி 352 மரபணு மாற்றிய நெல்லா?

இல்லை. அம்பாறைப் பக்கம் விதைக்கிற பிஜி, ஏடி நெல்லினங்கள் எல்லாம் பூவோடு பூ ஒட்டி, பல போகம் தெரிந்தெடுத்து உண்டாக்கியவை. பிஜி என்றால் பத்தலகொடை, ஏடி என்றால் அம்பலாந்தோட்டை; இரண்டும் இலங்கையில் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர்கள். 352 மூன்றரை மாத நெல். 'ஒட்டு' என்ற சொல்லைக் கேட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள்.

மரபணு மாற்றம் வேறு வேலை. கத்தரிக்காயைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாய் ஒரு புழு நெளியுமே, அதைக் கொல்லும் புரதத்தைச் செய்கிற மரபணுவை மண்ணிலுள்ள ஒரு பக்டீரியாவில் இருந்து எடுத்துக் கத்தரிச் செடிக்குள்ளேயே வைத்தார்கள். அதுதான் பிடி கத்தரி; 'பிடி' அந்தப் பக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். இந்தியா 2010இல் அதை நிறுத்தி வைத்தது. பங்களாதேஷ் 2014இல் விவசாயிகள் கையில் கொடுத்தது. ஒரே செடி, இரண்டு முடிவு. கத்தரிக்கு நாம் அடிக்கிற மருந்தை நினைத்தால், பங்களாதேஷ் செய்ததில் எனக்குப் பெரிய பிழை தெரியவில்லை.

என் கவலை விதையில்தான். பிஜி நெல்லை அறுத்து, நல்லதாய் நாலு மூடை ஒதுக்கி அடுத்த போகத்துக்கு விதைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மரபணு மாற்றிய விதைகள் பலவற்றைப்போல் காப்புரிமை உள்ள விதையென்றால், சில நாடுகளில் அப்படி எடுத்து வைத்தாலே நீதிமன்ற வழக்கு வந்துவிடும்.