முதுகுத்தண்டு பிரச்சினைக்கு எம்ஆர்ஐ எடுத்த பிறகும், நிற்கவைத்து நடக்கவைத்து மார்க் போடுவது எதற்கு?

கேட்டவரின் அப்பாவுக்குக் கழுத்து எலும்பு தேய்மானம். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, அப்புறமும் ஒரு கேள்வித்தாளை நீட்டி, ஒற்றைக்காலில் நில்லுங்கள் என்கிறார்களே, வெட்டி வேலையா என்கிறார்.

தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். வெட்டி வேலை இல்லை. ஏறக்குறைய ஒரே மாதிரி ஸ்கேனோடு வரும் இரண்டு பேரில் ஒருவர் காசிமேட்டில் மீன் கூடை தூக்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் கட்டிலை விட்டு எழமாட்டார்.

தாள் விஷயம் சுலபம். இடுப்பு வலிக்கு ஆஸ்வெஸ்ட்ரி என்ற கேள்வித்தாள், 1980இல் வந்தது. கழுத்துக்கு நெக் டிசபிலிட்டி இண்டெக்ஸ், 1991. இரண்டிலும் 10 தலைப்பு, தலைப்புக்கு 0 முதல் 5 வரை, மொத்தம் 50. இரட்டித்தால் சதவீதம். ஆஸ்வெஸ்ட்ரியில் 20 வரை லேசு, 40ஐத் தாண்டினால் கடுமை. அதில் தாம்பத்தியம் பற்றிய கேள்வி வந்ததும் நம்ம ஏரியா அம்மாக்கள் பேனாவை வைத்துவிடுவார்கள். பரவாயில்லை, அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, 50க்குப் பதில் 45ஆல் வகுத்துச் சதவீதம் பார்க்கலாம். கூட வந்த மகனை டீ குடிக்க அனுப்பினால் சில சமயம் பதில் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தாள்கள் பெரும்பாலும் வலியைச் சுற்றியே கேட்கின்றன. கழுத்தில் தண்டுவடம் நசுங்கும்போது வலியே இல்லாமலும் இருக்கலாம். ஒரு லோடுமேன் வந்தார். "வலில்லாம் ஒண்ணும் இல்ல சார், மூஞ்சிக்கு சோப்பு போட்டு கண்ண மூடுனா ஆளத் தள்ளுது." தாளில் அவருக்கு மார்க் குறைவுதான், அதாவது பாதிப்பு லேசு என்றே காட்டும். ஆனால் சட்டை பட்டனைப் போட்டுவிடுவது மனைவி. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் பின்பக்கமாகப் போகின்றன. அது கெட்டால் ஆள் கண்ணை வைத்துத்தான் சமாளிப்பார். கண்ணை மூடச் சொன்னதும் குட்டு வெளிப்பட்டுவிடும். இதுதான் ரோம்பெர்க் சோதனை. குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கவிட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். அன்றைக்கே நரம்பியல் அறுவை மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன்.

ஒற்றைக்காலில் நிற்பது, தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுப்பது எல்லாம் உடல் சமநிலையை அளக்கும் பெர்க் அளவுகோலில் வரும். 14 செயல், மொத்தம் 56. 45க்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று பார்ப்போம். முதியவர்களுக்காக உருவானது என்பதால் நடுவயதுக்காரர் 56ம் வாங்கிவிட்டு மார்க்கெட் நெரிசலில் தடுமாறுவதும் உண்டு. எனக்குப் பிடித்தது நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்காரும் சோதனை. 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனிப்பேன். திரும்பும்போது எத்தனை எட்டு வைக்கிறார் என்பதை அதைவிட அதிகமாகக் கவனிப்பேன்.

ஒவ்வொரு தடவையும் அப்பா அதே செருப்போடு போகட்டும், அப்போதுதான் பழைய மார்க்கோடு ஒப்பிட முடியும். நடுவில் கையிலிருந்து டம்ளர் நழுவ ஆரம்பித்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே, நேரே கூட்டிப்போங்கள்.