பழைய காருக்கு எந்தக் கூலன்ட்? மலையக வாசகர் கேள்விகள்

என்னிடம் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. தை மாதத்தில் இங்கே புல்லில் துகள் உறைபனி விழுகிறது. வெறும் தண்ணீர் விட்டால் எஞ்சின் பிளாக் வெடித்துவிடுமா? (நுவரெலியா)

வெடிக்காது. புல் வெளுக்கும் குளிர் தரையோடு ஒட்டியது; விடிந்து வெயில் ஏறினால் போய்விடும். கராஜில் நிற்கும் காரின் இரும்பும் தண்ணீரும் அதற்குள் உறையாது. கூலன்ட் என்பது ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் திரவம்; பாதிக்குப் பாதி கலந்தால் -37 பாகை வரை உறையாமல் தாங்கும். நமக்கு அது தேவையே இல்லை.

ஆனாலும் கூலன்ட் போடுங்கள், துருவுக்காக. மைனரின் பிளாக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், அதன் ஒட்டு ஈயம். இத்தனை உலோகமும் வெறும் தண்ணீரில் ஊறினால் முதலில் கரைவது இரும்பு. அந்தத் துரு பிளாக்கின் அடியில் சேறாகத் தங்கும். பிளாக்கின் பக்கத்துளைகளை அடைக்கும் மெல்லிய தகட்டு மூடியான கோர் பிளக் உள்ளிருந்தே ஓட்டையாகும். இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். றம்பொடை ஏற்றத்தில் பழைய கார்கள் ஆவி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கூலன்ட் கலந்தால் கொதிநிலை கொஞ்சம் கூடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது காய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் போட்டும் கொதிக்கும்.

கடையில் நீலம், பச்சை, ரோஸ் என்று இருக்கிறது. "ரோஸ்தான் புதுசு, அஞ்சு வருஷம் வரும்" என்கிறார்கள். என் ஆஸ்டின் ஏ40க்கு எது? (ஹட்டன்)

நிறத்தை நம்பாதீர்கள். அது கம்பெனி போடும் சாயம், அவ்வளவுதான். டப்பாவின் பின்பக்கம் ஐ.ஏ.டி. (IAT) என்று இருக்கிறதா என்று பாருங்கள். சிலிக்கேட் சேர்ந்த இந்தப் பழைய வகைதான் உங்கள் காருக்கு. ஓ.ஏ.டி. (OAT) என்பது அலுமினிய எஞ்சின்களுக்காக வந்த புது வகை. பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டையும் பழைய சீல்களையும் அது பதம் பார்க்கலாம். இரண்டையும் ஒருநாளும் கலக்க வேண்டாம். கூழாகி ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும்.

அளவு, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல். சும்மா ஒரு கிளாஸ் ஊற்றினால் துருத்தடுப்பு போதாது. மீதிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். பேட்டரிக்கு வாங்குவதே போதும், அமிலம் கலந்த போத்தலை மட்டும் மாற்றி எடுத்துவிடாதீர்கள். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் உப்புகள் இருக்கும். ஐ.ஏ.டி. இரண்டு வருடத்தில் பலமிழந்துவிடும், அப்போது முழுக்க மாற்ற வேண்டும். மாற்றும்போது ரேடியேட்டரை மட்டும் திறந்தால் போதாது. பிளாக்கிலும் ஒரு வடிகால் திருகு இருக்கிறது. அதைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லையென்றால் துருச்சேறு அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்துங்கள், செங்காவி நிறத்தில் கொட்டும். தெளிந்து வரும் வரை அலசிய பிறகே புதியது.

எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்ளே வெள்ளையாகக் கிறீம் மாதிரி படிகிறது. கராஜ் பாஸ், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்கிறார். (தலவாக்கலை)

அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்ற வேண்டாம். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "இந்த நாட்டுக்கு இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் நம் கராஜ்களில் உண்டு. கொழும்பிலேயே அது சரியில்லை. தலவாக்கலைக் குளிரில் எஞ்சின் சூடேறவே ஏறாது. உள்ளே ஊறும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயில் கலந்து அப்படித்தான் வெளுக்கும். 82 பாகை தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டு, மூடியைத் துடைத்து, ஒரு நாள் நீண்ட ஓட்டம் ஓடுங்கள். மறுபடி படியவில்லை, கூலன்டும் குறையவில்லை என்றால் காஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது.

1966 வோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு எவ்வளவு கூலன்ட்? (பண்டாரவளை)

ஒரு சொட்டும் வேண்டாம். அது காற்றால் குளிரும் எஞ்சின்.

அப்பாவின் ஹில்மன் கார் மூன்று, நான்கு மாதம் சும்மா நிற்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்கிறார். (ஹப்புத்தளை)

அப்பாவின் அக்கறை சரி, ஐந்து நிமிடம்தான் தவறு. பெற்றோல் எரிந்தால் தண்ணீரும் பிறக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகாவிட்டால் அந்தத் தண்ணீர் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கி அரிக்கும். ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

நிறுத்தும் முன் எஞ்சின் எண்ணெயை மாற்றுங்கள். பழைய எண்ணெயில் அமிலம் இருக்கும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, கையால் எஞ்சினைச் சுற்றிவிடுங்கள். ரேடியேட்டரை வடித்துவிட்டு வைக்காதீர்கள். ஈரமான இரும்பில் காற்றுப் பட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும். புதுக் கூலன்டோடு நிரம்பியே நிற்கட்டும். அப்புறம், பிளாஸ்டிக் படங்கு போட்டு மூட வேண்டாம். ஹப்புத்தளை மூடுபனியின் ஈரம் அதற்குள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி போதும்.

வடித்த பழைய கூலன்டை வாய்க்காலில் ஊற்றலாமா? வீட்டில் நாய் இருக்கிறது. (நானுஓயா)

கூடவே கூடாது. பெரும்பாலான கூலன்ட் எத்திலீன் கிளைக்கோல். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய்விடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் வடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள். சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாய் நக்கியது தெரிந்தால், அது தள்ளாடும் வரை காத்திராமல் அந்த நிமிடமே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.