ஒரே வைஃபை, இரண்டு மைன்கிராஃப்ட்

கோத்தகிரி வாசகி ஒருவரின் கேள்வி: "பெரியவன் லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். சின்னவளுக்கு என் ஆண்ட்ராய்டு போன். ஒரே வைஃபைதான். ஆனாலும் அவன் கட்டிய கோட்டைக்குள் இவளால் போக முடியவில்லை. மழை லீவு முழுக்க வீட்டில் சண்டை. போன் பழசு என்பதாலா? புதுசு வாங்கட்டுமா?"

அவசரப்பட்டு வாங்காதீர்கள். மைன்கிராஃப்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. ஜாவா எடிஷன் கம்ப்யூட்டருக்கு மட்டும். பெட்ராக் எடிஷன் போன், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. உங்கள் மகன் ஜாவாவில் இருக்கிறான் என்றே நினைக்கிறேன். முகப்புத் திரையிலேயே எழுதியிருக்கும், பாருங்கள்.

2022 ஜூனிலிருந்து கம்ப்யூட்டருக்கு இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள். லாஞ்சரின் (விளையாட்டைத் திறக்கும் செயலி) இடப்பக்கம் பெட்ராக்கும் இருக்கும், மகன் அதற்கு மாறட்டும். விண்டோஸ் 10 அல்லது 11 தேவை. இன்னும் 7 என்றால் அந்த லேப்டாப்பில் இது நடக்காது.

பெட்ராக்குக்கு மாறிய பிறகும் இணையவில்லையா? இரண்டு திரைகளிலும் கீழ் ஓரத்தில் உள்ள பதிப்பு எண்ணை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். போன் ராத்திரியில் தானாக அப்டேட் ஆகிவிடும், லேப்டாப் பழைய எண்ணிலேயே நிற்கும். பெட்ராக்கில் ஜாவா மாதிரி பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி லேசில் கிடைக்காது. அதனால் பின்தங்கியதை முன்னே கொண்டுவருவதுதான் வழி. உங்கள் போனுக்கு ப்ளே ஸ்டோர் அப்டேட்டே தர மறுத்தால், அப்போது புதுப் போனைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம், அவன் விளையாடும் உலகத்தின் மல்டிபிளேயர் (பலர் சேர்ந்து ஆடும்) அமைப்பில் லேன் வசதி, அதாவது ஒரே வைஃபையில் இருப்பவர்களுக்கு உலகத்தைக் காட்டும் வசதி, ஆன் ஆகியிருக்க வேண்டும். ரவுட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக இருந்தால் அதில் போனைச் சேர்க்காதீர்கள். பல ரவுட்டர்களில் அது கருவிகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் மறைத்துவிடும். மழையில் நெட் மந்தமானாலும் கவலை வேண்டாம், ஆட்டம் வீட்டு ரவுட்டருக்குள்ளேயே நடக்கிறது.

சரி, கோட்டை என்ன ஆகும்? ஜாவா உலகம் பெட்ராக்கில் நேரடியாகத் திறக்காது. 'சங்கர்' (Chunker) என்ற இலவசக் கருவி மாற்றித் தரும் (நம்ம ஊர் சங்கர் இல்லை). முதலில் உலகக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். சுவரும் கோபுரமும் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். ரெட்ஸ்டோன் (விளையாட்டுக்குள் கதவு, பொறிகளை இயக்கும் மின்சாரம் மாதிரி) இரண்டிலும் ஒரே மாதிரி இயங்காது. எனவே ரகசியக் கதவு ஏதாவது வைத்திருந்தால் அதைப் பையன் மறுபடி கட்ட வேண்டியிருக்கலாம்.