ஒடேசா படிக்கட்டில் அந்தப் படுகொலை உண்மையில் நடந்ததா?

‘போர்க்கப்பல் பொதெம்கின்’ (1925) என்ற சோவியத் மௌனப் படத்தில் வரும் படிக்கட்டுப் படுகொலை உண்மையிலேயே நடந்ததா, நடக்கவில்லையென்றால் அதை வரலாற்றுப் படம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். படம் காட்டுகிற விதத்தில், பட்டப்பகலில், அந்தப் படிகளில் அப்படியொரு படுகொலை நடக்கவில்லை. ஆனால் அதே ஊரில், அதே நாள்களில், அந்தப் படிகள் இறங்கிச் சேரும் துறைமுகத்தில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தப் படம் வரலாற்றில் செய்த பெரிய திருத்தம் வேறு: அது கதையை நிறுத்திக்கொண்ட இடம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானுடனான போரில் சுஷிமா அருகே ரஷ்யக் கடற்படை நொறுங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. 1905 ஜூன் 27 அன்று (பழைய ரஷ்ய நாட்காட்டியில் ஜூன் 14), கருங்கடலில் தெந்திரா தீவருகே நின்றிருந்த பொதெம்கின் கப்பலில், புழுத்த இறைச்சியைக் கப்பல் மருத்துவர் ஸ்மிர்னோவ் உண்ணத்தக்கது என்று சொல்லிவிட, அதில் வைத்த சூப்பை மாலுமிகள் தொட மறுத்தார்கள். தகராறு முற்றியபோது துணைத் தளபதி கிலியரோவ்ஸ்கி, வக்குலென்சுக் என்ற மாலுமியைச் சுட்டார். மாலுமிகள் ஆயுதங்களைக் கைப்பற்றி, கப்பல் தலைவர் உட்பட ஏழு அதிகாரிகளைக் கொன்றார்கள். மாத்யுஷென்கோ என்ற மாலுமியின் தலைமையில் கப்பல் கருங்கடல் துறைமுக நகரமான ஒடேசாவுக்குப் போனது. அந்த நகரமோ ஏற்கெனவே வேலைநிறுத்தத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் வக்குலென்சுக்கின் உடலைக் கரையில் கிடத்தியதும் கூட்டம் திரண்டது. அன்றிரவு துறைமுகக் கிடங்குகள் சூறையாடப்பட்டு எரிந்தன; படையினர் துறைமுகத்தை மேல் நகரத்திலிருந்து துண்டித்துக் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். குண்டிலும் தீயிலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அந்த இரவுதான் படத்தில் பகலாகியிருக்கிறது. ஜார் ஆட்சிக்கு எதிரான 1905 புரட்சியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்காக நினா அகஜானோவா எழுதிய திரைக்கதை அந்த ஆண்டு முழுவதையும் சொல்வது. அதில் பொதெம்கின் கிளர்ச்சிக்குக் கிடைத்தது சில பக்கங்களே. லெனின்கிராடில் வானிலை கைகொடுக்காததால் தெற்கே வந்த இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன், அப்போது அவருக்கு வயது 27, ஒடேசாவின் படிகளைப் பார்த்த பிறகு மற்றவற்றையெல்லாம் கைவிட்டுவிட்டார். 1841இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் படிக்கட்டில் இன்று 192 படிகள் உள்ளன. மேலே நின்று பார்த்தால் இடைத்தளங்கள் மட்டும் தெரியும், கீழே நின்று பார்த்தால் படிகள் மட்டும் தெரியும் என்பது அதன் கட்டுமான விசித்திரம். கீழ்ப்பகுதி அகலமாகவும் மேற்பகுதி குறுகலாகவும் இருப்பதால் உள்ளதைவிட நீளமாகவும் தோன்றும். படமெடுக்க வந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

படத்தொகுப்பு படிப்பவர்களுக்கு இந்தக் காட்சியை இன்னமும் பாடமாக வைப்பதற்குக் காரணம் வெறும் வேகம் என்று நான் நினைக்கவில்லை. சில நிமிடங்களில் இறங்கி முடிக்கக்கூடிய படிகளைச் சிப்பாய்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே கணம் வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்ப வந்து நேரத்தை இழுக்கிறது. சுடுபவர்களுக்கு முகமே கிடையாது. பூட்சுகள், துப்பாக்கி வரிசை, படிகளில் விழும் நிழல், அவ்வளவுதான். சுடப்படுபவர்களுக்கோ முகம் மட்டுமே இருக்கிறது. எல்லாரும் கீழ்நோக்கி ஓடும்போது, அடிபட்ட மகனைக் கையில் ஏந்திய ஒரு தாய் தனியாக மேல்நோக்கி நடக்கிறாள். உருண்டு இறங்கும் குழந்தை வண்டியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், பிற்காலப் படங்கள் நகலெடுத்ததும் அதைத்தான். ஆனால் என் கணக்கில் இந்தக் காட்சியின் உச்சம் அந்தத் தாயின் நடை.

இதற்குப் பதிலடியாகக் கப்பல் குண்டு வீச, கல் சிங்கங்கள் விழித்து எழுகின்றன. அவை ஒடேசாவிலேயே இல்லை. கிரீமியாவின் அலுப்கா அரண்மனையில் தூங்கும், விழிக்கும், எழும் நிலைகளில் செதுக்கப்பட்டிருந்த மூன்று சிலைகளை அடுத்தடுத்து ஒட்டி ஒரே சிங்கமாக்கினார்கள். உண்மையில் கப்பலிலிருந்து வந்த இரண்டு குண்டுகளும் குறி தவறிவிட்டன.

படிக்கட்டைவிடச் சுவையான கற்பனை ஒன்று இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. சுடப்படவிருக்கும் மாலுமிகளின் மேல் தார்ப்பாயைப் போர்த்தும் காட்சி. தார்ப்பாய் கொண்டுவருவது மேல்தளத்தில் இரத்தக் கறை படியாமலிருக்கக் காலடியில் விரிப்பதற்குத்தான், ஆட்கள் மேல் போர்த்தினால் சிரிப்பார்கள் என்று படப்பிடிப்பில் ஆலோசகராக இருந்த கடற்படைக்காரர் மன்றாடினாராம். ஐசன்ஸ்டைன் கேட்கவில்லை. பின்னாளில் ஒருவர், கிளர்ச்சியின்போது தார்ப்பாய்க்கு அடியில் நின்றவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லிப் பங்குத்தொகை கேட்டு வழக்குப் போட்டார் என்று ஐசன்ஸ்டைனே எழுதியிருக்கிறார். அவர் கதையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்பவர்தான் என்றாலும், இதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

இப்போது முடிவுக்கு வருகிறேன். பொதெம்கினை அடக்க வந்த கப்பற்படையின் மாலுமிகள் சுட மறுக்க, அது அவற்றின் நடுவே கொடியோடு கடந்து செல்வதோடு படம் நிற்கிறது. அது உண்மையில் நடந்தது. ஆனால் அப்போது அதோடு சேர்ந்துகொண்ட ‘கியோர்கி பொபெதனோசெத்ஸ்’ என்ற கப்பல் மறுநாளே பின்வாங்கியது. நிலக்கரியும் உணவும் குறைந்து அலைந்த பொதெம்கின் ஜூலை 8 அன்று ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தில் சரணடைந்தது. கப்பல் ரஷ்யாவுக்குத் திரும்பி ‘பந்தெலைமோன்’ என்று பெயர் மாற்றப்பட்டது. 1907இல் நாடு திரும்பிய மாத்யுஷென்கோ பிடிபட்டு செவஸ்தபோலில் தூக்கிலிடப்பட்டார். இதில் எதுவும் படத்தில் இல்லை. படிக்கட்டுக் காட்சி நடந்த கொலையை இடமும் நேரமும் மாற்றிக் காட்டுகிறது. முடிவோ தோற்ற ஒரு கிளர்ச்சியை வென்றதுபோல் காட்டுகிறது. ஆகவே 1905ஐப் பற்றி அறிய இதை நம்பாதீர்கள்; 1917இல் வென்ற புரட்சி தன் முன்னோடியை 1925இல் எப்படி நினைவுகூர விரும்பியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் எந்தப் பிரதி என்பதைக் கவனியுங்கள். ஜெர்மனியில் தணிக்கை வெட்டியது. பிரிட்டனில் 1954 வரை பொதுத் திரையிடலுக்குத் தடை இருந்தது. சோவியத் ஒன்றியத்திலேயே தொடக்கத்தில் இருந்த, பின்னர் ஸ்டாலினால் ஒதுக்கப்பட்ட ட்ரொட்ஸ்கியின் வாசகம் நீக்கப்பட்டு லெனினின் வாசகம் வைக்கப்பட்டது. 2005இல் ஜெர்மனியில் மீட்டமைக்கப்பட்ட பிரதியில் ட்ரொட்ஸ்கியின் வரிகளும், சிவப்புச் சாயம் தீட்டிய கொடியும், 1926 பெர்லின் திரையிடலுக்காக எட்மண்ட் மைசல் அமைத்த இசையும் திரும்பியிருக்கின்றன. அதைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாது.