டானிக் வாட்டரும் சோடாவும் ஒன்றல்ல

சர்க்கரை நோய் இருக்கிறது, பாரில் மது இல்லாமல் என்ன குடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் சோடா, பாதி எலுமிச்சை, உப்பு. இதைக் கேளுங்கள், ராயபுரம் பக்கம் பார்களில் பெரும்பாலும் கிடைக்கும்.

டானிக் வாட்டர் மட்டும் குடித்தும் மறுநாள் சர்க்கரை ஏறுகிறது என்கிறீர்கள். அனேகமாக அந்த டானிக்தான் காரணம். அதன் கசப்பு குயினைன் என்ற பொருளால் வருவது. கசக்கிறதே, சர்க்கரை இருக்காது என்று நம்பிவிடுகிறோம். சாதாரண டானிக்கில் 100 மில்லிக்கு 8 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், கோலாவை விடக் கொஞ்சம்தான் குறைவு. அடுத்த முறை டின்னைத் திருப்பி 'ஆடட் சுகர்ஸ்' வரியைப் பாருங்கள்.

அப்புறம், 'லைம் சோடா' என்று மட்டும் சொன்னால் சிரப்பை ஊற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள். சோடாவை மூடி திறக்காமல் வாங்கி, எலுமிச்சையை நீங்களே பிழியுங்கள்.

பிரஷர் இருந்தால் உப்பு வேண்டாம். இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.