சன்யரால் கடற்கரையில் இருப்பது மணல் இல்லை

கேள்வி: சிலி நாட்டின் அடகாமா கடற்கரையில், அதிகம் பேசப்படாத, ஆனால் பார்த்தே ஆகவேண்டிய ஊர் எது?

சன்யரால்.

நான் கப்பலில் வேலை பார்ப்பவன். 2018-இல் செம்பு ஏற்ற எங்கள் கப்பல் பர்கீத்தோ துறைமுகத்தில் நின்றபோது கரைக்குப் போக ஒரு பகல் கிடைத்தது. அங்கிருந்து சன்யராலுக்கு வண்டியில் சில நிமிடம்தான். சுமார் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஊர். பின்னால் புல்பூண்டு இல்லாத மொட்டை மலைகள். முன்னால் வெளேரென்று விரிந்த கடற்கரை.

எனக்கு ஊர் நாகப்பட்டினம். கடற்கரையைப் பார்த்தால் குனிந்து ஒரு பிடி மண் அள்ளாமல் இருக்க முடியாது. அள்ளினேன். மணலே இல்லை. கோலமாவு போல நைசான சாம்பல் தூள். மேலே அப்பளம்போல் ஒரு பொருக்கு, மிதித்தால் நொறுங்குகிறது. விளக்காமல் போட்ட செம்புக் குடத்தில் களிம்பு ஏறுமே, அந்தப் பச்சை அங்கங்கே திட்டுத்திட்டாக. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு நண்டு வளை கண்ணில் படவில்லை.

வண்டி ஓட்டி வந்த பெரியவர் சாலையோரம் ஓர் இடத்தில் நின்று, "என் அப்பா படகைக் கட்டிப்போட்ட இடம் இது" என்றார். அலை எங்கேயோ ரொம்ப தூரத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். உள்நாட்டில், ஆண்டீஸ் மலையில், போத்ரேரீயோஸ் என்ற செம்புச் சுரங்கம் 1927-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்காவின் அனகோண்டா கம்பெனிக்குச் சொந்தமானது. பாறையை மாவாக அரைத்து, நுரையில் செம்பை மிதக்கவிட்டுப் பிரிப்பார்கள். நூறு கிலோ பாறையில் செம்பு ஒன்றிரண்டு கிலோ தேறினாலே பெரிது. மிச்சம் முழுக்கச் சேறு. 1938 முதல் அந்தச் சேற்றை ரியோ சலாதோ ஆற்றில் விட்டார்கள். அந்தப் பெயருக்கு நம் பாஷையில் உப்பாறு என்றே பொருள். ஆறு அதைச் சன்யரால் விரிகுடாவில் கொண்டுவந்து கொட்டியது. 1959-இல் எல் சல்வதோர் சுரங்கம் வந்தது, 1971-இல் செம்பு அரசுடைமை ஆனது, பிறகு கோடெல்கோ என்ற அரசு நிறுவனம் பிறந்தது. முதலாளி மாறினாலும் சேறு மாறவில்லை. 1970-களின் நடுப்பகுதிக்குள் 15 கோடி டன்னுக்கு மேல் சேர்ந்து, கரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடலுக்குள் போய்விட்டது. பழைய துறைமுகம் தூர்ந்தது.

அதன்பிறகாவது நிறுத்தினார்களா? வாய்க்கால் வெட்டி, வடக்கே கலேத்தா பலீத்தோ என்ற பாறைக் கரைக்குத் திருப்பிவிட்டார்கள். பாறையில் செழித்திருந்த பெரிய கடற்பாசிகள் அழிந்து, மெல்லிய பச்சைப் பாசி மட்டும் மிஞ்சியது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

முடிவு கட்டியது ஊர்க்காரர்கள்தான். மாசற்ற சூழலில் வாழும் உரிமையைச் சிலியின் 1980 அரசியலமைப்பு தருகிறது. அந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு கொப்பியபோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1988-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ராணுவ ஆட்சி இன்னும் முடியாத காலம் அது. எதிரில் நின்றதோ நாட்டுக்கே சோறு போடும் செம்பு நிறுவனம். சின்ன ஊர் ஒன்று அந்த வழக்கில் ஜெயித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. 1990-இல் கழிவுக்குத் தனி அணை வந்து, கடலில் கொட்டுவது நின்றது.

ஆனால் கொட்டியதை யார் அள்ளுவது? அதிபராக இருந்த ரிக்கார்டோ லாகோஸ், கடல் சுத்தமாகிவிட்டது என்று காட்ட இங்கே இறங்கிக் குளித்தார். நான் போன அன்று மத்தியானம் காற்று கிளம்பியதும், செம்பும் ஆர்சனிக் என்ற நஞ்சும் கலந்த அந்தத் தூசி எழும்பி ஊருக்குள் போனது. பெரியவர் பேச்சை நிறுத்தாமலே கண்ணாடியை ஏற்றிவிட்டார். 2015 மார்ச் 25-இல், மழையே அறியாத அந்த மலைகளில் மழை கொட்டி, உப்பாறு சேறாக இறங்கி ஊரை இரண்டாகப் பிளந்தது. மூன்று வருடம் கழித்தும் சில சுவர்களில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக்கறை இருந்தது.

போகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே பான் தே அசூகர் தேசியப் பூங்காவில் பென்குயின் பார்க்க விரைகிறார்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் காலையிலேயே, காற்று எழும்புமுன், சன்யராலில் இறங்கிச் சாலையிலிருந்து அலை வரைக்கும் ஒருமுறை நடந்து போங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்.