செவிலியர் கவுன்சில் நோட்டீஸுக்கு மருத்துவமனை வக்கீலே பதில் எழுதினால் போதுமா?

பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் சகோதரியின் கேள்வி இது. இரவுப் பணியில் அவர் போட்ட இன்சுலின் அளவு கூடிப்போய், நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்து, பிறகு ஐசியூவில் தேறிவிட்டார். உறவினர்கள் புகார் கொடுத்ததால் கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. "எங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று நிர்வாகம் சொல்வதை நம்பலாமா என்று கேட்கிறார்.

நம்பி இருந்துவிடாதீர்கள். கோவை, ஈரோடு நீதிமன்றங்களில் செவிலியர்களுக்காக வாதாடுபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். செவிலியர் தவறான ஊசி போட்டதால் ஒரு குழந்தைக்கு மூளை பாதித்த ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், மருத்துவமனையும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. ஆகவே பணம் கட்டும் கவலை நிர்வாகத்துக்கு உண்டு. செவிலியராக வேலை செய்ய உதவும் கவுன்சில் பதிவு பறிபோகும் கவலை உங்களுக்கு மட்டுமே. அவர்களுடைய வக்கீல் பணத்தையும் மருத்துவமனையின் பெயரையும் காப்பாற்றத்தான் அமர்த்தப்பட்டிருக்கிறார்.

அன்று இரவே உங்களிடம் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். "என் கவனக்குறைவால் நேர்ந்தது, இனி இப்படி நடக்காது" என்று யாரோ சொல்லச் சொல்ல, பணி முடிந்த களைப்பில் எழுதிக் கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கம்தான் விசாரணையில் உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக வந்து நிற்கும். அதன் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். யார் சொல்லி, எத்தனை மணிக்கு, எந்தச் சூழலில் எழுதினீர்கள் என்பதை இப்போது தரும் பதிலிலேயே பதிவு செய்யுங்கள். விசாரணை நாளில் முதன்முறையாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இனி இன்சுலின் விஷயம். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் புழக்கத்தில் உள்ளன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். உங்களுக்கு நேர்ந்தது இதுதானா என்று பாருங்கள். இதுவென்றால், அந்த வார்டில் இரண்டு வகைக் குப்பிகளும் ஒரே ஃப்ரிட்ஜில் இருந்தனவா, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ஸ்டாக்கில் இருந்ததா, மருத்துவர் ஆர்டரை எழுதினாரா போனில் சொன்னாரா, இரண்டாவது ஆள் சரிபார்க்க அன்று யாராவது இருந்தார்களா, உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்பவையெல்லாம் உங்கள் பதிலில் இடம்பெற வேண்டும். தவறே நடக்கவில்லை என்று சாதிப்பதைவிட, அது எப்படி நடக்க நேர்ந்தது என்று காட்டும் பதிலே எடுபடும்.

ட்யூட்டி ரோஸ்டர், ட்ரீட்மென்ட் சார்ட், நர்சஸ் நோட்ஸ், வார்டுக்கு மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகம், பணி மாறும்போது எழுதும் ஹேண்ட் ஓவர் பதிவு ஆகியவற்றை வரவழைக்கக் கவுன்சிலிடம் மனுக் கொடுங்கள். சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அதை அழிக்காமல் வைக்கும்படி நிர்வாகத்துக்கு இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். நோட்ஸில் ஓர் எழுத்தைக்கூட இப்போது திருத்த வேண்டாம். மருந்துத் தவறுக்கு எச்சரிக்கையோடு விடுபட வாய்ப்புண்டு. திருத்திய பதிவேட்டைக் காப்பாற்றிக்கொடுக்க எந்த வக்கீலாலும் முடியாது.

நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் செவிலியர் பதிவு 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்துவந்தது. 2023இல் தேசிய செவிலியர், தாதியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றச்சாட்டு தெளிவாக இல்லையென்றாலோ, புகாரின் நகல் இணைக்கப்படவில்லை என்றாலோ, அவற்றைக் கேட்டுக் கால நீட்டிப்புக் கோருவது உங்கள் உரிமை. உங்கள் தரப்பைக் கேட்காமல் பெயரை நீக்கினால் அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் காரர்கள் சென்னைக்கும், கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்கும் போக வேண்டும்.

காவல் நிலையப் புகார் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. நோயாளி இறந்துபோகும் வழக்குகளில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பற்றிய 106ஆம் பிரிவு பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை என்று தண்டனையைக் குறைத்திருக்கிறது. அந்தச் சலுகையின் விளக்கத்தில் செவிலியர் இல்லை, அவர்களுக்குப் பொதுவான 5 ஆண்டு வரம்புதான். ஒரே கட்டிலருகே நின்று வேலை செய்யும் இருவருக்கு இரண்டு அளவுகோல் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் நோயாளி பிழைத்துக்கொண்டதால் இந்தப் பிரிவு உங்களைத் தொடாது.

விசாரணைக்குச் சென்னை போக வேண்டியிருக்கும். ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் போய்விடலாம், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயரை நீக்கியோ நிறுத்தியோ உத்தரவு வரும்வரை உங்கள் பதிவு செல்லும், பணிக்குப் போகலாம். வளைகுடாவுக்கோ அயர்லாந்துக்கோ போகும் எண்ணமிருந்தால், அங்கே கேட்கும் நன்னடத்தைச் சான்றை இதே கவுன்சில்தான் தர வேண்டும்; விசாரணை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று படிவத்தில் கேட்டிருந்தால் "ஆம்" என்றே எழுதி, நோட்டீஸையும் உங்கள் பதிலையும் உடன் இணைத்துவிடுங்கள்.